சவுண்ட்பார் காலையில் காணோம், மத்தியானம் இருக்கிறது: பார் கோளாறா, வைஃபை கோளாறா?

பாளைக்காரன்:

அப்பாவுக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கிக் கொடுத்தேன். டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பார் ஒன்று, கனத்த ஒலிக்கான தனிப் பெட்டி, அதாவது சப்வூஃபர், ஒன்று. வைஃபை, புளூடூத், எச்டிஎம்ஐ எல்லாம் உண்டு. கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டால் பாதிப் பேர் "அதை ஏன் வாங்கினீர்கள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள், என் கேள்வி அப்படியே நின்றுவிடும்.

வீடு பாளையங்கோட்டையில். நான் இருப்பது பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்குள் சரி செய்து வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு. இல்லாவிட்டால் தினமும் வீடியோ காலில் "இந்தப் பொத்தானா, அந்தப் பொத்தானா" என்று ஓடும்.

டிவி பக்கம் ஒரு தொல்லையும் இல்லை. டிவிக்குப் பின்னால் ஆர்க் என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகினேன், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடுகிறது, குறைகிறது. அம்மாவுக்கு அது போதும். தொல்லை அப்பாவின் பாட்டில். அவர் பாட்டுப் போடுவது ஃபோனிலிருந்து. புளூடூத்தில் போட்டால் பாடும். ஆனால் யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்று ரிங்டோன் ஹால் முழுக்க அலறுகிறது. ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால் விட்டு விட்டுப் பாடுகிறது. வைஃபையில் காஸ்ட் செய்தால், அதாவது பாட்டை வைஃபை வழியாகப் பாரில் ஓடவிட்டால், இந்த இரண்டு தொல்லையும் இருக்காது என்று படித்துத்தான் இந்த மாடலையே வாங்கினேன்.

முதலில் ஆப்பில் பாரைச் சேர்க்கும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்து, ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. சேர்ந்தவுடன் ஏதோ அப்டேட் இறக்கியது, முடிந்தது, பாட்டும் பாடியது. அன்றைக்கு எல்லாம் சுபம்.

மறுநாளிலிருந்து கதை வேறு. அப்பா காலையில் மொட்டைமாடியில் நடப்பார். இறங்கி வந்து படிக்கட்டை ஒட்டிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காபியோடு பாட்டுப் போடப் பார்த்தால் பார் பட்டியலிலேயே இல்லை. அதே நேரம் பக்கத்தில் நிற்கும் என் ஃபோனில் பார் தெரிகிறது. பதினோரு மணிவாக்கில் அவர் ஃபோனிலும் தானாக வந்துவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம்: என் ஃபோனிலும் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் வரும்.

வைஃபை அமைப்பு இது. ஃபைபர் பெட்டி மாடிப்படித் திருப்பத்தில், வயர் மொட்டைமாடி வழியாக வருவதால். நடுவில் கான்கிரீட் தளம், அதனால் கீழே சிக்னல் சரியாக வராது, படிக்கட்டுப் பக்கம் மட்டும் ஒன்றிரண்டு கோடு. அதற்காக ஹாலில் டிவி பக்கத்தில் இன்னொரு ரூட்டர், மேல் பெட்டியிலிருந்து லேன் வயர் இழுத்து. கனெக்‌ஷன் கொடுத்தவர் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டார், "வீடு பூரா ஒரே வைஃபை சார்" என்று. நெட் வேகம் எல்லா இடத்திலும் நன்றாகவே இருக்கிறது, அதனால் வைஃபை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கடைக்காரர் பாரை மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றிவிடலாமா?

இன்னொன்று, சின்ன விஷயம்தான்: சப்வூஃபர் சிலசமயம் அரை நொடி நின்று நின்று வருகிறது. இதுவும் அந்த வைஃபையால்தானா?

---

ரீசெட்ராஜா:

பாரை ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்கள், அப்புறம் ரூட்டர் இரண்டையும் ரீசெட் பண்ணுங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பிரச்சினை இதிலேயே போய்விடும். பிளான் எத்தனை எம்பிபிஎஸ்? குறைவாக இருந்தால் 200க்கு மாற்றிப் பாருங்கள்.

---

கிளமென்டிக்காரி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இதே "தெரியும், தெரியாது" விளையாட்டு நடந்தது. என் மகன் ஸ்பீக்கரை கெஸ்ட் வைஃபையில் சேர்த்து வைத்திருந்தான். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவிகளை மற்றவற்றோடு பேச விடாமல் ரூட்டர் பிரித்து வைக்கும், அது அதற்கான வேலை. நெட் வரும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. பிரதான வைஃபைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்கள் ரூட்டரிலும் ஏபி ஐசோலேஷன் என்றோ கிளையண்ட் ஐசோலேஷன் என்றோ ஒரு டிக் இருக்கும், அது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் யாராவது ஐஃபோன் வைத்திருந்தால் இன்னொன்று: ஐஓஎஸ் 14இலிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்று தட்டிவிட்டால் அந்த ஆப்பில் பார் தெரியாது. ஃபோனில் விபிஎன் ஓடினாலும் இதே கதிதான்.

---

கேபிள் அண்ணாச்சி:

தம்பி, பாரை மாற்ற வேண்டாம். கடைக்காரர் புதுசு கொடுப்பார், அதுவும் நாளைக் காலையில் காணாமல் போகும்.

நமக்கு கோவில்பட்டி. முதலில் கேபிள் டிவி, இப்போது பிராட்பேண்ட், வயர் இழுத்தே வயசு போயிற்று. ரீசெட் சொன்ன தம்பி கோபிக்கக் கூடாது: மேலே இருக்கும் ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள குட்டி ஓட்டையில் மட்டும் குண்டூசியைக் குத்திவிடாதீர்கள். கனெக்‌ஷன் கொடுத்தவர் அதில் போட்டு வைத்த யூசர்நேம், விலேன் எண் என்ற இணைப்பு விவரங்கள் எல்லாம் அழிந்துவிடும். அவர் வந்து மறுபடி போடும்வரை வீட்டில் நெட்டே இருக்காது, அதுவும் சனி ஞாயிறில். வேகமும் இதில் காரணமே இல்லை. சிடி தரத்தில் சுருக்காமல் அனுப்பினாலே நொடிக்கு ஒன்றரை மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும் பாட்டு. 200 எம்பிபிஎஸ் வைத்து அதை என்ன செய்ய?

ஐந்து விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நாளைக் காலை அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்ததும், பார் தெரியாத அந்த நேரத்திலேயே, அவர் ஃபோனில் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் ஐபி முகவரி (ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்) இருக்கும், அது என்ன? அதே நேரம் உங்கள் ஃபோனில் என்ன? பாருக்கு என்ன முகவரி? கம்பெனி ஆப்பில் டிவைஸ் இன்ஃபோ என்று இருக்கும், அதில் பாருங்கள். அடுத்தது, மேலிருந்து வரும் லேன் வயர் ஹால் ரூட்டரில் எந்த ஓட்டையில் போகிறது? கடைசியாக, மேல் பெட்டி, ஹால் ரூட்டர், பார், இந்த மூன்றில் எது எது இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது?

---

ஒலிப்பித்தன்:

சப்வூஃபர் கேள்விக்கு மட்டும் நான். வயர்லெஸ் சப் பெரும்பாலும் உங்கள் வீட்டு வைஃபையில் சேர்வதே இல்லை. பாருக்கும் சப்புக்கும் நடுவில் தனி ரேடியோ இணைப்பு, பெட்டியிலிருந்து வரும்போதே ஜோடி சேர்த்துத்தான் வரும். பின்னால் உள்ள பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் ஜோடி சேர்ந்திருக்கிறது, மினுக்கினால் தேடிக்கொண்டிருக்கிறது. விளக்கின் நிறம் மாடலுக்கு மாடல் மாறும், அதற்கு மட்டும் கையேட்டைப் பாருங்கள்.

ரூட்டரில் என்ன மாற்றினாலும் இந்த இணைப்பு மாறாது. ஆனால் ரூட்டர் இருக்கும் இடம் இதைக் கெடுக்கும். "டிவி பக்கத்தில் ரூட்டர்" என்கிறீர்களே, எவ்வளவு பக்கத்தில்? டிவி அலமாரியில் பாருக்கு ஒட்டினாற்போல என்றால் ஒரு மீட்டர், முடிந்தால் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். சப்பை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் அதையும் வெளியே எடுங்கள்.

---

பாளைக்காரன்:

அண்ணாச்சி, காலையில் பார்த்தாயிற்று.

அப்பா இறங்கி வந்து உட்கார்ந்ததும் அவர் ஃபோனில் 192.168.1.7. பக்கத்தில் நின்ற என் ஃபோனில் 192.168.0.104. பார் 192.168.0.110.

மேலிருந்து வரும் வயர் ஹால் ரூட்டரில் தனியாக நீல நிறத்தில் 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும் ஓட்டையில் இருக்கிறது. இன்வெர்ட்டர் லைனில் மேல் பெட்டி மட்டும்தான். ஹால் டிவி பாயிண்ட் நேர் கரண்ட், பாரும் ரூட்டரும் அதில்தான்.

நீங்கள் கரண்ட் பற்றிக் கேட்டதால் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டும் பார்த்தேன். பார் எழுந்த பிறகு அதன் முகவரி 192.168.1.12 என்று ஆகிவிட்டது! என் ஃபோன் .0.104லேயே இருந்தது. என் ஃபோனில் பார் காணோம்.

ஒலிப்பித்தன் சார், ரூட்டர் பாருக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. எடுத்து ஷோகேஸ் மேல் வைத்துவிட்டேன். சப் அதிலிருந்து நிற்கவில்லை, இன்றைக்கு முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஐசோலேஷன் டிக் எதுவும் விழவில்லை அக்கா, கெஸ்ட் வைஃபையும் போடவில்லை.

---

கேபிள் அண்ணாச்சி:

அப்படிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஓடுவது ஒரு வைஃபை இல்லை தம்பி, இரண்டு. பெயர்தான் ஒன்று.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். மேல் பெட்டி கொடுக்கும் முகவரி எல்லாம் 192.168.1 என்று தொடங்கும். ஹால் ரூட்டர் கொடுப்பது 192.168.0. நீல ஓட்டையில் வயரைச் செருகினால் அந்த ரூட்டர் தன் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க் நடத்தும், மேல் பெட்டியை அது வெளியுலகமாக நினைத்துக்கொள்ளும். இரண்டு ஊரிலும் தெற்குத் தெரு என்று ஒரு தெரு இருக்கிற மாதிரிதான். உங்கள் ஃபோன் ஒரு தெற்குத் தெருவில் நிற்கிறது, பார் இன்னொரு ஊர்த் தெற்குத் தெருவில் நிற்கிறது.

இரண்டிலும் நெட் வரும். யூட்யூப் ஓடும், வாட்ஸப் போகும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் ஃபோன் பாரைத் தேடும் விதம் வேறு. காஸ்ட் பட்டனைத் தொட்டதும் ஃபோன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, "இங்கே பாடுகிறவர்கள் யார் இருக்கிறீர்கள்?" என்று ஒரு குரல் கொடுக்கும். அதே நெட்வொர்க்கில் இருக்கும் பார் பதில் சொல்லும். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது, போகக் கூடாது என்பதே விதி. ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற பாட்டு அனுப்பும் வழிகளிலும் வீட்டுக்குள் தேடுவதற்கு இந்த முறைதான்.

இப்போது உங்கள் அப்பாவுடைய காலையைப் பாருங்கள். மாடியில் நடக்கும்போது ஃபோன் மேல் பெட்டியைப் பிடிக்கும். கீழே வந்தாலும் படிக்கட்டுப் பக்கம் ஒன்றிரண்டு கோடு வருகிறதல்லவா, அது இருக்கும்வரை ஃபோன் பிடியை விடாது. வேறு வைஃபைக்கு எப்போது தாவுவது என்று தீர்மானிப்பது ஃபோன்தான், ரூட்டர் இல்லை. அப்புறம் அவர் எழுந்து அடுப்படிக்கோ வாசலுக்கோ போவார், மேல் சிக்னல் அறுந்து ஹால் ரூட்டருக்கு மாறும், பதினோரு மணிக்குப் பார் "தானாக" வரும்.

கரண்ட் விஷயமும் அதேதான். மேல் பெட்டி இன்வெர்ட்டரில், அது விழுவதே இல்லை. கரண்ட் வந்ததும் பார் சட்டென்று விழித்துக்கொள்ளும், ஹால் ரூட்டர் முழுசாக எழுந்திருக்க நேரம் எடுக்கும். பார் தேடும்போது அந்தப் பெயரில் காற்றில் இருப்பது மேல் பெட்டி ஒன்றுதான். பெயரும் சரி, பாஸ்வேர்டும் சரி, போய் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் ஃபோன் ஹாலில். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது என்றீர்களே, அதற்குள் ஹால் ரூட்டர் எழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

கனெக்‌ஷன் கொடுத்த தம்பியைத் திட்ட வேண்டாம். ஒரே பெயர் வைத்தது நல்ல யோசனைதான், ஆனால் கூடவே ஹால் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டிருக்க வேண்டும், அதாவது தனி நெட்வொர்க் நடத்தாமல் மேல் பெட்டியின் நெட்வொர்க்கையே கீழே பரப்பும்படி. நாங்களும் அவசரத்தில் நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு பைக்கை எடுப்பவர்கள்தான்.

செய்ய வேண்டியது இதுதான். ஹால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் ஆபரேஷன் மோட் என்று ஒரு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆக்சஸ் பாயிண்ட் என்று மாற்றி சேவ் செய்தால் வேலை முடிந்தது. வயரை எந்த ஓட்டையில் செருகச் சொல்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே படம் போட்டிருக்கும்.

பழைய ரூட்டர், அந்த மோட் இல்லை என்றால் கையால் செய்யலாம். இதில் வரிசை முக்கியம். முதலில் மேலிருந்து வரும் வயரை நீல ஓட்டையிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அது செருகியிருக்கும்போது முகவரியை மாற்றினால் மோதுகிறது என்று சொல்லிச் சில ரூட்டர்கள் ஏற்காது. பிடுங்கிய பிறகு லேன் பக்கத்தில் ரூட்டருடைய முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மேல் பெட்டி 192.168.1.1ஆக இருக்கும், அதோடு மோதக் கூடாது. மேல் பெட்டி மற்ற கருவிகளுக்குப் பங்கு போடும் முகவரிகளில் இந்த 2 இருந்தாலும் மோதும். உங்கள் வீட்டில் 7, 12 என்றெல்லாம் வருவதைப் பார்த்தால் 2இலிருந்தே பங்கு போடுகிறதோ என்று படுகிறது. மேல் பெட்டியில் டிஎச்சிபி, அதாவது முகவரி பங்கு போடும் வேலை, எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்று பார்த்து, அதற்கு வெளியே ஒரு எண்ணை வையுங்கள், 192.168.1.254 கூட வைக்கலாம். சேவ் செய்ததும் பக்கம் தொங்கும், பயப்பட வேண்டாம், வைஃபையை விட்டுச் சேர்ந்து புது முகவரியில் உள்ளே போங்கள். இப்போது டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். கடைசியாக வயரை எடுத்து மஞ்சள் லேன் ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். நீல ஓட்டை இனிமேல் காலியாகவே இருக்கட்டும்.

அப்புறம் பார், ஃபோன் எல்லாவற்றையும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் 192.168.1 என்று வந்தால் சரி. பெயரும் பாஸ்வேர்டும் இப்போது இருப்பதுபோல ஒன்றாகவே இருக்கலாம், இனி அது தொல்லை இல்லை, வசதி. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் மேலே சேனல் 1, கீழே 6 அல்லது 11 என்று பிரித்து வைத்துவிடுங்கள், ஆட்டோ வேண்டாம். வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது 2ம் 3ம் கலந்தது. தனி டபிள்யூபிஏ3 வைத்தால் பல சவுண்ட்பார்கள் முரண்டு பிடிக்கும்.

ஹால் ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டுப் போங்கள். இரண்டுக்கும் பின் ஒரே மாதிரி இருக்கும், கடையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள்.

---

ரீசெட்ராஜா:

அண்ணாச்சி, பாருக்கு நிரந்தர ஐபி கொடுத்துவிட்டால் போதாதா? இவ்வளவு வேலை எதற்கு?

---

கேபிள் அண்ணாச்சி:

எந்த நெட்வொர்க்கில் நிரந்தரம் தம்பி? பார் அடுத்த நெட்வொர்க்குக்குத் தாவினால் அந்த முகவரி செல்லாது. அதோடு ஃபோன் பாரை எண்ணை வைத்துத் தேடவில்லை, குரல் கொடுத்துத் தேடுகிறது, எண் மாறினாலும் கவலைப்படாது. பிரிண்டருக்கும் கேமராவுக்கும் நிரந்தர ஐபி நல்லது. பாருக்கு வைத்தால் தப்பில்லை, வைக்காவிட்டால் நஷ்டமும் இல்லை.

மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தரும் செட்) வாங்கு என்று யாராவது சொல்ல வருவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். மேல் பெட்டியின் வைஃபையை அணைக்காமல் மெஷ்ஷை ரூட்டர் மோடில் செருகினால் இதே தொல்லை பல ஆயிரம் ரூபாய் செலவில் மறுபடி வரும்.

---

பாளைக்காரன்:

அண்ணாச்சி, கும்பிடு. ஹால் ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தது. மாற்றினேன். இப்போது எல்லாக் கருவியும் 192.168.1தான். அப்பா ஃபோன் மேல் பெட்டியில் ஒட்டியிருந்தபோதும் நாற்காலியிலிருந்தே பார் தெரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். பார் மேல் பெட்டியைத்தான் பிடித்தது, ஆனாலும் ஃபோனில் தெரிகிறது, பாட்டு மட்டும் இடையில் ஒரு தடவை நின்றது. மினி யுபிஎஸ் வந்தால் அதுவும் போய்விடும். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. மாடி ரூமில் இருந்து பார்த்தால் பார் முதலில் தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் மறைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நிற்பதில்லை, ஆனால் மேலிருந்து சத்தம் குறைக்க முடியவில்லை. ஃபோன் வைஃபையை அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் தெரிகிறது. ஹாலில் இந்தத் தொல்லை இல்லை.

---

கேபிள் அண்ணாச்சி:

பாட்டு நிற்காதது சரிதான். காஸ்ட் செய்துவிட்டால் பாட்டை நெட்டிலிருந்து பார் தானே இழுத்துக்கொள்ளும், ஃபோன் வெறும் ரிமோட். கூப்பிட்டால் ரிங்டோன் ஹாலில் அலறாததும் அதனால்தான்.

கொஞ்ச நேரம் தெரிந்து மறைகிறது, நடுவில் லேன் வயர் இருக்கிறது என்றால் எனக்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் மேல்தான் சந்தேகம். அந்தப் பொதுக் குரலை வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன் என்று ரூட்டர் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். யாரும் மறுபடி மறுபடி கேட்காவிட்டால் இவருக்கு வேண்டாம் போல என்று அந்தப் பக்கம் அனுப்புவதையே நிறுத்திவிடும். பெரிய ஆபீஸில் தேவை. இரண்டு பெட்டி உள்ள வீட்டில் பெரும்பாலும் தேவை இல்லை. ஃபைபர் கனெக்‌ஷனோடு ஐபிடிவி (நெட் வழியாகவே வரும் டிவி சேனல்கள்) வாங்கியிருந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம்.

முதலில் ஹால் ரூட்டரில் தேடுங்கள், வயர்லெஸ் அட்வான்ஸ்டு பக்கத்திலோ லேன் பக்கத்திலோ இருக்கும். அதை அணைத்தும் சரியாகாவிட்டால் மேல் பெட்டி. அதில் உங்களுக்குக் கொடுத்த லாகினில் அந்தப் பக்கமே தெரியாமல் இருக்கலாம், கனெக்‌ஷன் கொடுத்தவரிடம்தான் பெரிய லாகின் இருக்கும். ஃபோனில் கேட்டாலே பல பேர் அங்கிருந்தே மாற்றிவிடுவார்கள்.

---

பாளைக்காரன்:

ஹால் ரூட்டரில் அணைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. மேல் பெட்டியில் நீங்கள் சொன்னதுபோல அந்தப் பக்கமே எனக்குக் காட்டவில்லை. கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "அதை எல்லாம் எதுக்கு சார் தொடுறீங்க" என்றார், அப்புறம் அவரே உள்ளே போய் அணைத்துவிட்டார். ஐபிடிவி எதுவும் இல்லை. அதிலிருந்து மாடி ரூமிலும் பார் மறையவில்லை. ஆக்சஸ் பாயிண்ட் மோட் பற்றிச் சொன்னதும், இதே மாதிரி இரண்டு பெட்டி போட்ட வேறு வீடுகளும் இருக்கின்றன, போய்ப் பார்க்கிறேன் என்றார்.

சப் சரியாகிவிட்டது, ரூட்டரை நகர்த்தியதுதான் மருந்து.

ஒலிப்பித்தன் சார், அம்மாவின் மனு ஒன்று இருக்கிறது. சீரியலில் பின்னணி இசை திமுதிமு என்று வருகிறதாம், பேசுவது கேட்கவில்லையாம். பழைய டிவி ஸ்பீக்கரே தேவலை என்கிறார்.

---

ஒலிப்பித்தன்:

அம்மா சொல்வது நியாயம். கடையில் டெமோ காட்டுவதற்காகப் பல பார்களில் சப் தூக்கலாகவே வைத்து அனுப்புகிறார்கள். ரிமோட்டில் சப் அளவு தனியாக இருக்கும், பாதிக்குக் கீழே இறக்குங்கள். சரவுண்ட் மோடை அணைத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் சீரியல் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலிதான், அதைச் சுற்றிச் சுற்றி வீசினால் பேச்சு கரைந்துபோகும். வாய்ஸ் அல்லது டயலாக் என்ற மோட் இருந்தால் அதில் விடுங்கள். நைட் மோடும் உதவும், பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

பார் டிவி மேசையில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உள்ளே தள்ளி வைத்து முன்னால் ரிமோட்டும் பூச்சாடியும் இருந்தால் பேச்சு அதில் மோதித் தெளிவு போய்விடும். மேசையின் முன் விளிம்போடு பாரின் முகம் ஒட்டி இருக்கட்டும். அப்பாவின் பாட்டுக்கு சப் வேண்டும் என்றால் பல ஆப்களில் மியூசிக் மோடுக்கும் வாய்ஸ் மோடுக்கும் சப் அளவைத் தனித்தனியாக வைக்கலாம். உங்கள் மாடலில் இருக்கிறதா என்று நீங்கள் கிளம்பும் முன் பார்த்து வைத்துவிடுங்கள், அவர்கள் இருவரும் ஒருவர் வைத்த அளவை மற்றவர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.